மீடியா மானிட்டரிங் வேலை: மகளை அனுப்பலாமா?

வணக்கம் அம்மா. விஸ்காம் முடிக்கப்போகும் மகளுக்குச் சென்னையில் ஒரு மீடியா மானிட்டரிங் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. "பேப்பர் கட்டிங் ஒட்டுற வேலைக்கா மூணு வருஷம் படிக்க வெச்சோம்" என்று வீட்டில் பேச்சு. பேசாமல் எம்.பி.ஏ. சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அனுப்புங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் எதைக் கற்கப் போகிறார் என்பது அவருக்கும் உங்களுக்கும் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். இந்தத் துறையில் ஒரே பெயரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, கிளையன்ட் பற்றி எங்கெங்கே என்ன வந்தது என்று தேடி எடுத்து அடுக்குவது. மற்றது, அப்படி வந்ததால் என்ன பயன், என்ன நஷ்டம் என்று கணக்குப் பார்த்துச் சொல்வது. முதல் வேலையில் பெரும்பங்கை மென்பொருள் எடுத்துக்கொண்டுவிட்டது. இரண்டாவது வேலைக்குத் தேறிய ஆட்கள் குறைவு. முதல் படியில் ஏறி, அங்கேயே உட்கார்ந்துவிடாமல் இரண்டாவதுக்கு நகர்கிறவர்களுக்கு இங்கே நல்ல எதிர்காலம் உண்டு.

முதல் படி எப்படி இருக்கும் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கிளையன்ட் அலுவலகத்துக்கு வருமுன் காலை ரிப்போர்ட் அவர் மெயிலில் இருக்க வேண்டும். அதனால் ஷிஃப்ட் விடியற்காலையிலேயே தொடங்கும். இ-பேப்பர்களை எல்லாப் பதிப்புகளோடும் புரட்டுவது, மென்பொருள் பிடித்துத் தந்ததைச் சரிபார்ப்பது, அது தவறவிட்டதைச் சேர்ப்பது, ஒவ்வொரு செய்திக்கும் சாதகம், பாதகம், நடுநிலை என்று குறியிடுவது. சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்கள் எப்படி இயங்குகின்றன, எந்தச் செய்திக்குறிப்பு அப்படியே அச்சாகிறது, எது குப்பைக்குப் போகிறது என்பதெல்லாம் ஆறு மாதத்தில் கைவந்துவிடும். இதை எந்த எம்.பி.ஏ. வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

இனி இரண்டாவது வேலை. மகள் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

பி.ஆர். என்னும் மக்கள் தொடர்புப் பணியின் வெற்றியை அளக்க நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு கணக்கு ஏ.வி.இ. அதாவது, வந்த செய்தியின் இடத்தில் விளம்பரம் போட்டிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்ற கணக்கு. 16 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத்தில் ஒரு செய்தி வந்தால் 320 சதுர செ.மீ. அந்தப் பதிப்பின் கட்டணம் சதுர செ.மீ.க்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3,20,000 ரூபாய். விளம்பரத்தைவிடச் செய்தியை மக்கள் நம்புவார்கள் என்று சொல்லி அதை மூன்றால் பெருக்கினால் 9,60,000. இந்த 'மூன்று' எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. கட்டண அட்டையில் உள்ள தொகையை முழுசாகக் கொடுத்து விளம்பரம் போடுகிறவரும் அரிது. இதைவிட மோசம், கம்பெனி வாசலில் ஊழியர்கள் போராடிய செய்தி அரைப்பக்கம் வந்தாலும் இந்தக் கணக்கில் அது லாபமாகத்தான் ஏறும்.

ஏமெக் என்னும் சர்வதேச அளவீட்டு அமைப்பு 2010-இல் பார்சிலோனாவில் கூடி வகுத்த கோட்பாடுகளிலேயே, ஏ.வி.இ. பி.ஆரின் மதிப்பு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கோட்பாடுகள் 2015, 2020, 2025 ஆண்டுகளில் திருத்தப்பட்டன. இந்தக் கருத்து மட்டும் மாறவே இல்லை. இருந்தும் நம் ஊர் ரிப்போர்ட்டுகளில் ஏ.வி.இ. இன்னும் உயிரோடு இருக்கிறது. மேலதிகாரிக்கு ரூபாயில் ஓர் எண் காட்டினால் கேள்வி வராது, அவ்வளவுதான். மகள் அதைப் போடக் கற்றுக்கொள்ளட்டும், கேட்டால் போட்டுத்தான் ஆக வேண்டும். அதன் பக்கத்தில் வேறு என்ன வைக்கலாம் என்று தெரிந்திருப்பதுதான் அவருக்கு மதிப்பைக் கொடுக்கும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். மதுரையில் ஒரு கண் மருத்துவமனை, கண் நீர் அழுத்த நோய் பற்றிய விழிப்புணர்வுக்காகப் பிரஸ் மீட் வைக்கிறது. 35 இடங்களில் செய்தி வந்தது என்பது வெறும் வெளியீடு. படித்தவர்கள் அதை மனதில் வாங்கினார்களா என்பது அடுத்த நிலை. 40 வயது தாண்டியவர்கள் பரிசோதனைக்கு வந்தார்களா என்பதுதான் விளைவு. எனவே பிரஸ் மீட்டுக்கு முன்பே மூன்று மாதப் பதிவேட்டை எடுத்து, மாதம் எத்தனை பேர் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று பின்கோடு வாரியாகக் குறித்துவைக்க வேண்டும். இதைச் செய்யாமல் பிறகு எவ்வளவு தலைகீழாக நின்றாலும் ஒப்பிட எதுவும் இருக்காது. பெரும்பாலான அளவீடுகள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

செய்தி மதுரைப் பதிப்பில் வந்தது, திருநெல்வேலிப் பதிப்பில் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மதுரைப் பகுதியிலிருந்து வருவோர் 300-லிருந்து 420 ஆகிறார்கள். நெல்லைப் பகுதியிலிருந்து 100 பேர் 125 ஆகிறார்கள். செய்தியே போகாத நெல்லையில் 25 சதவீதம் கூடியிருக்கிறது என்றால், மதுரையிலும் 300 எப்படியும் 375 ஆகியிருக்கும் என்று கொள்ளலாம். மீதமுள்ள 45 பேருக்குத்தான் பி.ஆர். உரிமை கொண்டாடலாம், 120 பேருக்கு அல்ல. இதே வாரத்தில் மதுரையில் மட்டும் இலவச முகாம் நடந்திருந்தால் அந்த 45-உம் சந்தேகம்தான். பதிப்பு வாரியாகப் பிரியும் தமிழ் நாளிதழ்களால் கிடைக்கும் வசதி இது. நம்மவர்களே அதை அதிகம் பயன்படுத்துவதில்லை.

வரவேற்பு மேசையில் "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?" என்று கேட்டு எழுதச் சொல்வதும் நல்ல முறைதான். ஆனால் கூட்டம் அதிகமானால் ஊழியர் படிவத்தின் முதல் கட்டத்திலேயே டிக் அடித்துக்கொண்டு போவார். பெரும்பாலான படிவங்களில் ஒரே விடை வந்திருந்தால் படிவத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். வெவ்வேறு பதிப்புக்கு வெவ்வேறு தொலைபேசி எண் கொடுப்பது இதைவிட நம்பகமானது. இணையத்தில் என்றால் ஒவ்வொரு தளத்துக்கும் தனி யு.டி.எம். குறியோடு (வந்தவர் எந்தத் தளத்திலிருந்து வந்தார் என்று காட்டும் குறி) இணைப்பு தர வேண்டும்.

ரீச், அதாவது செய்தி எத்தனை பேரைச் சென்றடைந்தது என்று போடும் கோடிக்கணக்குகளையும் மகள் கொஞ்சம் முறைத்துப் பார்க்கப் பழக வேண்டும். ஒரு செய்தித் தளத்துக்கு மாதம் வரும் மொத்த வாசகர்களையும் அதில் வந்த ஒரே ஒரு செய்தியின் வாசகர்களாகக் காட்டுவது அன்றாடம் நடக்கிறது. செய்தி ஏஜென்சி அனுப்பிய ஒரே செய்தி 40 தளங்களில் எழுத்து மாறாமல் ஏறினால் 40 கவரேஜ் என்று கணக்கு. மாவட்ட இணைப்பில் வந்த துணுக்குக்கு மாநிலம் முழுவதற்குமான விற்பனை எண்ணைப் போடுவது இன்னொன்று. விற்பனைப் பிரதிகளைச் சொல்வது 1948-இல் தொடங்கிய ஏ.பி.சி. அமைப்பு. ஒரு நாளிதழை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று சொல்வது ஐ.ஆர்.எஸ். என்னும் வாசகர் கணக்கெடுப்பு. இரண்டையும் ஒன்றாகக் கூட்டக் கூடாது. அந்த ஐ.ஆர்.எஸ். எண்களும் பல ரிப்போர்ட்டுகளில் 2019-ஆம் ஆண்டோடு நிற்கின்றன. டிவி பார்வையாளர்களை அளக்கும் பார்க் அமைப்பு செய்திச் சேனல்களுக்குத் தரும் ரேட்டிங் 2020 அக்டோபரில் நிறுத்தப்பட்டு 2022 மார்ச்சில்தான் மீண்டும் வந்தது. அந்த இடைவெளியைத் தாண்டி வரைபடம் போடுகிறவர் அதைக் குறிப்பிடாவிட்டால் படம் பொய் சொல்லும்.

இப்போது தமிழுக்கு வருகிறேன். மகளின் உண்மையான சொத்து இதுதான். 'உற்சாகம்' என்று ஒரு குளிர்பானம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மென்பொருளில் அந்தச் சொல்லை மட்டும் கொடுத்தால், 'உற்சாகத்தை', 'உற்சாகத்துக்கு' என்று வேற்றுமை உருபு ஏறிய இடங்களைப் பல கருவிகள் தவறவிடும். அடிச்சொல்லை மட்டும் கொடுத்து வலையை விரித்தால், மாணவர்கள் உற்சாகமாகப் பள்ளிக்கு வந்த செய்தியெல்லாம் வந்து விழும். போதாக்குறைக்கு நம் பத்திரிகைகள் மதுவை 'உற்சாக பானம்' என்று எழுதும் வழக்கம் வேறு. டாஸ்மாக் செய்திகள் அனைத்தும் அந்தக் குளிர்பானக் கம்பெனியின் காலை ரிப்போர்ட்டில் போய் உட்காரும். இதைத் தடுக்க, பெயரின் எல்லா வடிவங்களையும் 'அல்லது' போட்டுச் சேர்த்து, பக்கத்தில் பாட்டில், சோடா, கம்பெனி, விற்பனை போன்ற சொற்களில் ஒன்றாவது வர வேண்டும் என்று நிபந்தனை வைத்து, டாஸ்மாக், மதுக்கடை வந்தால் விலக்கு என்று எழுத வேண்டும். விலக்குப் பட்டியலை நீட்டிக்கொண்டே போவதும் ஆபத்து. அந்தக் குளிர்பானத்தை டாஸ்மாக் பார்களில் விற்பதாக ஒரு புகார் கிளம்பினால், கம்பெனி முதலில் பார்க்க வேண்டிய செய்தியே விலக்கில் போய்விடும். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்கள் எத்தனை விதமாக அடிப்பார்கள் என்பதையும் சேர்க்க வேண்டும். வாரம் ஒருமுறை 50 செய்திகளைக் கையால் சரிபார்த்து, எத்தனை தேவையற்றவை, எத்தனை விடுபட்டவை என்று எண்ணித் தேடலைத் திருத்துவது நல்ல பழக்கம்.

சாதகமா, பாதகமா என்று தொனியைக் குறியிடுவதிலும் இதே கதை. "சூப்பர்ங்க, மூணு நாளா பார்சல் வரவே இல்ல" என்பதைச் 'சூப்பர்' என்ற சொல்லை வைத்துச் சாதகமாக எண்ணிவிடும் கருவிகள் உண்டு. "நல்லா இருங்கடா" என்பது வாழ்த்தா சாபமா என்று ஊர்க்காரருக்குத்தான் தெரியும். மனிதர்கள் குறியிட்டாலும் இருவர் ஒத்துப்போக வேண்டும். ஒரே 100 செய்திகளை இருவர் தனித்தனியாகக் குறித்து 90-இல் ஒத்துப்போனால் அபாரம் என்று தோன்றும். ஆனால் இருவருமே 80 செய்திகளை நடுநிலை, 20-ஐ பாதகம் என்று போட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே 68-இல் (நடுநிலையில் 64, பாதகத்தில் 4) ஒத்துப்போயிருக்கும். கோஹன் கப்பா என்ற அளவு இந்தத் தற்செயலைக் கழித்துப் பார்க்கிறது. 90-இல் 68 போனால் 22, 100-இல் 68 போனால் 32; 22-ஐ 32-ஆல் வகுத்தால் சுமார் 0.69. பரவாயில்லை, அபாரம் இல்லை. இந்த ஒரு கணக்கை நேர்காணலில் விளக்கத் தெரிந்த விஸ்காம் பட்டதாரியை நிறுவனங்கள் மறக்காது.

துறை போகும் திசை பற்றி. தரவு முன்பைவிட எளிதாகக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், கதவுகள் மூடிக்கொண்டு வருகின்றன. ட்விட்டர் 2023-இல் இலவசத் தரவு வாசலை அடைத்தது. ஃபேஸ்புக் பதிவுகளின் பரவலைப் பார்க்க உதவிய கிரவுட்டேங்கிளை மெட்டா 2024 ஆகஸ்டில் மூடியது. வாட்ஸ்அப் குழுக்களை வெளியிலிருந்து கண்காணிக்கவே முடியாது. முடியும் என்று விற்கிறவர்கள், பொய்ப் பெயரில் குழுக்களுக்குள் நுழைந்து படிக்க ஆள் வைத்திருப்பார்கள். அந்த வேலையை மகளிடம் கொடுத்தால் மறுக்கச் சொல்லுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை அவர் ஒருமுறையாவது படித்துவிடுவது நல்லது.

மறுபுறம் புதிய வேலை முளைத்திருக்கிறது. சாட்ஜிபிடி போன்றவற்றிடம் "நல்ல கண் மருத்துவமனை எது?" என்று கேட்கிறார்கள். கிளையன்ட் பெயர் அதில் வருகிறதா, எப்படி வருகிறது என்று பார்ப்பதும் இப்போது மானிட்டரிங்தான். ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் பதில் மாறும் என்பதால் ஒரு ஸ்கிரீன்ஷாட்டை வைத்து முடிவு சொல்லக் கூடாது. ஒரே கேள்வியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பலமுறை கேட்டு, தேதி, மாடல் பெயரோடு பதிந்து, எத்தனை முறைக்கு எத்தனை முறை வந்தது என்று சொல்ல வேண்டும்.

சேர்வதற்கு முன் இருக்கும் ஒரு மாதத்தில் ஒரே ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி பற்றி ஐந்து நாளிதழ்களில் வருவதை 30 நாள் எக்செலில் பதியட்டும்: நாள், நாளிதழ், பதிப்பு, பக்கம், தலைப்பு, பரப்பளவு, நிருபரா ஏஜென்சியா, யாருடைய பேச்சு மேற்கோளாக வந்தது, படம் உண்டா, தொனி, அப்படிக் குறித்ததற்கு ஒரு வரிக் காரணம். கடைசியில் பிவட் டேபிள் (எக்செலில் தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) போட்டு, ஒரே பக்கத்தில் மூன்று கண்டுபிடிப்புகள். சான்றிதழைவிட இது பேசும். லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் 'டிஜிட்டல் பி.ஆர்.' குறுகியகாலப் படிப்புகளில் இப்போது பணம் போட வேண்டாம். கூகுள் அனலிட்டிக்ஸ் பாடம் இலவசம், அடிப்படைப் புள்ளியியல் மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் கிடைக்கிறது. ஒன்றிரண்டு ஆண்டுக்குப் பிறகு ஏமெக் நடத்தும் இணையவழிச் சான்றிதழ் படிப்பை நிறுவனச் செலவில் படிக்கக் கேட்கலாம். மேற்படிப்புதான் வேண்டும் என்றால் டெல்லி ஐ.ஐ.எம்.சி., அகமதாபாத் மைகா போன்றவை உண்டு. அங்கேயும் அனுபவத்தோடு போகிறவருக்குப் பாடம் சீக்கிரம் புரியும்.

அரசு வேலை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மாநிலச் செய்தி மக்கள் தொடர்புத் துறை இருக்கிறது. யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வு வழியாக இந்தியத் தகவல் பணி இருக்கிறது. டெல்லியில் தனியார் டிவி சேனல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் மின்னணு ஊடகக் கண்காணிப்பு மையத்துக்குப் பெசில் என்னும் அரசு நிறுவனம் வழியாக ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுப்பார்கள். நிரந்தர வேலை என்று நம்பி அதற்காக டெல்லிக்குக் குடிபெயர வேண்டாம்.

ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுமுன் சிலவற்றைக் கேட்கச் சொல்லுங்கள். விடியற்காலை ஷிஃப்டுக்கு வீட்டு வாசலில் வண்டி வருமா, அது எழுத்தில் இருக்கிறதா? ஷிஃப்ட் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறும்? பிடித்தங்கள் போகக் கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு? ஓராண்டுக்குப் பிறகு அனலிஸ்ட் பிரிவுக்கு மாறியவர்கள் யாராவது இருக்கிறார்களா, அவர்களில் ஒருவரோடு பத்து நிமிடம் பேச முடியுமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அங்கே இரண்டாவது படி இல்லை என்று எடுத்துக்கொண்டு, ஓராண்டு அனுபவத்தோடு வெளியேறத் திட்டமிட வேண்டும். பாண்டு கேட்டால் எத்தனை மாதம், முறித்தால் எவ்வளவு என்பதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடட்டும். அசல் மதிப்பெண் பட்டியலைச் சரிபார்க்கக் காட்டலாம், அவர்களிடம் விட்டுவிட்டு வர வேண்டாம்.