வேராவுக்கு வேர் எங்கே?

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் என் மகள் தன் பெண் குழந்தைக்கு 'வேரா' என்று பெயர் வைத்திருக்கிறாள். ரஷ்யப் பெயர் என்கிறார் மருமகன். லத்தீன் என்கிறது அவர்கள் வாங்கிய பெயர்ப் புத்தகம். எனக்கு வாட்ஸ்அப்பில் வந்த செய்தியோ, தமிழின் 'வேர்'தான் ஐரோப்பா போய் 'வேரா' ஆனது என்கிறது. இல்லை, 'வீரா'தான் மூலம் என்கிறார் நண்பர். எது சரி?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதலில் பேத்திக்கு என் வாழ்த்து. அடுத்து, அந்த வாட்ஸ்அப் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அது தவறு என்று இன்றே அவர்களுக்கு எழுதிவிடுங்கள்.

உங்கள் மருமகன் சொல்வதில்தான் அதிக உண்மை இருக்கிறது. ரஷ்ய மொழியில் 'வேரா' வெறும் பெயர் அல்ல, தினமும் புழங்கும் சொல். விசுவாசம் என்று பொருள். ரஷ்யர் சொல்லும்போது 'வியேரா' என்பது போலக் காதில் விழும். அது பெயரானதற்குப் பின்னால் கிறிஸ்தவ மரபின் கதை ஒன்று உண்டு. ஹாட்ரியன் பேரரசராக இருந்த காலத்தில், ரோமில் சோபியா என்ற தாயின் மூன்று பெண்களும் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டார்கள். கிரேக்கத்தில் அவர்கள் பெயர் பிஸ்டிஸ், எல்பிஸ், அகாபே. தமிழ் பைபிளின் சொற்களில் சொன்னால் விசுவாசம், நம்பிக்கை, அன்பு.

கிரேக்கப் புனிதர்களின் பெயர்களை ரஷ்யர் உள்ளிட்ட ஸ்லாவியர்கள் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 'ஐரீன்' என்றால் சமாதானம் என்று தெரிந்தும் அதை மொழிபெயர்க்காமல் 'இரினா' என்றே வைத்துக்கொண்டார்கள். இந்த மூன்று சகோதரிகளை மட்டும் தங்கள் மொழிக்கே கொண்டுவந்தார்கள்: வேரா, நதேழ்தா, லியுபோவ். லெனினின் மனைவி நதேழ்தா குரூப்ஸ்கயாவின் பெயர் அந்த நடுப் பெண்ணுடையது. தாய் சோபியா மட்டும் கிரேக்கத்திலேயே இருந்துவிட்டாள். செப்டம்பர் 30 அன்று ரஷ்யத் திருச்சபை நால்வரையும் சேர்த்தே நினைவுகூர்கிறது.

ரஷ்யாவிலிருந்துதான் பெயர் பரவியது என்பதற்குச் செக் மொழியில் நல்ல தடயம் இருக்கிறது. விசுவாசத்துக்குச் செக்கில் 'வீரா' என்பார்கள். ஆனால் பெண்ணின் பெயர் 'வியேரா'. 1964, 1968 ஒலிம்பிக்கில் மொத்தம் ஏழு தங்கம் வென்ற ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சாஸ்லாவ்ஸ்காவின் முதற்பெயர் அதுதான். சொந்தச் சொல்லிலிருந்து முளைத்த பெயராக இருந்தால் அதுவும் 'வீரா' என்றல்லவா இருக்கும்? போலந்திலும் இதே கதை. அங்கே சொல் 'வியாரா', பெயர் 'வியேரா'. பெயர் பெயராகவே எல்லை தாண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் இது பரவியது 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான். 1878இல் பீட்டர்ஸ்பர்க் ஆளுநர் திரேபவைச் சுட்ட ரஷ்யப் புரட்சிக்காரி வேரா ஸசூலிச்சை ஜூரிகள் குற்றமற்றவர் என்று விடுவித்தபோது, அந்தச் செய்தியோடு இந்தப் பெயரும் ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டது.

சரி, அப்படியானால் லத்தீன் என்று சொல்லும் புத்தகம் பொய்யா? பொய் இல்லை, ஆனால் அரைகுறை. லத்தீனில் 'வேருஸ்' என்றால் உண்மையான. அதன் பெண்பால் 'வேரா'. மேற்கு ஐரோப்பாவில் இந்தப் பெயர் பிடித்துப்போனதற்கு இந்த ஒற்றுமையும் கைகொடுத்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்னவென்றால், ரஷ்யச் சொல்லும் லத்தீன் சொல்லும் ஒரே தாயின் பிள்ளைகள். 'உண்மை' என்ற பொருளுள்ள ஒரு பழைய இந்தோ-ஐரோப்பிய (சமஸ்கிருதமும் ஐரோப்பிய மொழிகள் பலவும் சேர்ந்த குடும்பம்) வேரிலிருந்து இரண்டும் வந்தன. ஜெர்மனில் உண்மை என்பதற்கான 'வார்', வேல்ஸ் மொழியின் 'க்விர்' எல்லாம் அந்தக் குடும்பம்தான். நாம் 'வெரி குட்' என்கிறோமே, அந்த 'வெரி'யும் பழைய பிரெஞ்சு வழியாக வந்த அதே 'வேருஸ்'. உங்கள் பேத்தியின் பெயரில் பாதியை நீங்கள் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

நண்பர் சொல்லும் 'வீர' வேறு குடும்பம். சமஸ்கிருத 'வீர'வுக்கு லத்தீனில் உறவு 'விர்', லிதுவேனிய மொழியில் 'வீரஸ்'. இரண்டுக்கும் ஆண் என்று பொருள். அல்பேனியாவிலும் வேரா என்ற பெயர் உண்டு. அங்கே அந்தச் சொல்லுக்குக் கோடை என்று பொருள். லத்தீனில் வசந்த காலத்துக்கான 'வேர்' அதற்கு உறவு. நம் 'வசந்த' என்ற சொல்லும் அந்த லத்தீன் 'வேர்' பிறந்த இடத்தில்தான் பிறந்தது. ஓர் அல்பேனிய வேராவும் நம் ஊர் வசந்தாவும் சந்தித்தால் தாராளமாகச் சொந்தம் கொண்டாடலாம்.

நம் தமிழ் 'வேர்' இவை எதிலும் சேராது. அது திராவிடச் சொல். செடியின் வேர், அவ்வளவுதான். ஒலி ஒத்தால் போதும் என்று முடிவு கட்டுவது நாம் மட்டும் செய்த பிழையும் அல்ல. 'வெரோனிகா' என்ற பெயரை இடைக்கால ஐரோப்பியர்கள் 'வேரா இகோன்', அதாவது உண்மையான உருவம், என்று பிரித்துப் பொருள் சொன்னார்கள். உண்மையில் அது 'வெற்றியைக் கொண்டுவருபவள்' என்ற பொருளுடைய 'பெரெனிகே' என்ற கிரேக்கப் பெயர். ஆளைத் தேடாமல் சாயலைப் பார்த்துச் சொன்னதால் வந்த தவறு.

இந்தப் பெரெனிகேயிடம் வந்துவிட்டதால் ஒன்று சொல்கிறேன். ஜெர்மனியில் வேரா என்பதை வெரோனிகாவின் சுருக்கமாகவும் வைப்பார்கள். எகிப்தின் செங்கடல் கரையில் மன்னர் இரண்டாம் தாலமி தன் தாய் பெரெனிகேயின் பெயரில் ஒரு துறைமுகம் அமைத்தார். அங்கே நடந்த அகழாய்வில், கோயில் முற்றத்தில், இந்தியப் பானை ஒன்றில் ஏறக்குறைய ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. 1995இல் அதே ஊரில் கிடைத்த பானை ஓட்டில் தமிழ்-பிராமி எழுத்தில் 'கொறபூமான்' என்று ஓர் ஆளின் பெயர் கீறியிருப்பதைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். காலம் கி.பி. முதல் நூற்றாண்டு. தமிழ்த் தொடர்பு வேண்டும் என்ற உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. எனக்கும் அந்த ஆசை உண்டு. பேத்தி எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதும் அந்த ஓட்டின் படத்தைக் காட்டுங்கள்.