ஆம்ப் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸ் யாரைக் காக்கும்?

கேள்வி: ஷா ஆலாமில் தொழிற்சாலை வேலை, குடியிருப்பது செந்தூலில். இரண்டு வருடமாகச் சனி, ஞாயிறுகளில் நண்பர்களின் காருக்கு பிளேயர், ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி), சப்வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) மாட்டிக் கொடுக்கிறேன். கூலி 100, 150 வெள்ளி. பெரும்பாலும் 500 வாட் ஆம்ப்தான். வயர் கிட்டில் வரும் ஃபியூஸைக் காரின் பின்பக்கப் பூட்டில் (சாமான் வைக்கும் இடம்), ஆம்ப் பக்கத்திலேயே அழகாக வைத்துவிடுவேன். இப்போது இரண்டு புகார். ஒருவர் காரில் எண்ணெய் மிதித்தால் ஸ்பீக்கரில் ‘ஙொய்ய்’ என்று சத்தம் ஏறுகிறது. இன்னொருவரின் மைவி காரில் திங்கட்கிழமை காலையில் பேட்டரி செத்துக் கிடக்கிறது. அவர் வார இறுதியில் மோட்டார் சைக்கிளில்தான் போவார். வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? இந்த வேலையை நான் தொடரலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், செந்தூல்

பதில்: தம்பி, நீங்கள் கேட்ட இரண்டுக்கும் வருகிறேன். அதற்கு முன், கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைப் பயமுறுத்துகிறது. ஃபியூஸ் பூட்டில் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் பேட்டரியிலிருந்து பூட் வரை ஐந்து மீட்டர் வயருக்குக் காவலே இல்லை. என்ஜின் பக்கத்துத் தகரச் சுவரைத் தாண்டி, கதவடிப் பிளாஸ்டிக்குக் கீழே, கம்பளத்துக்கு அடியில் அது ஓடுகிறது. தகர விளிம்பு வெட்டினாலோ, பிளாஸ்டிக்கைத் திருப்பி மாட்டும்போது ஒரு ஸ்குரூ குத்தினாலோ, வயர் காரின் உடம்பில் நேராகப் படும். சின்ன கார் பேட்டரிகூட அந்த நொடியில் சில நூறு ஆம்பியர் தள்ளும். வயர் சிவக்கும், மேல்தோல் உருகும், கம்பளம் பற்றும். பூட்டில் இருக்கும் ஃபியூஸ் ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அந்த மின்சாரம் அது வரைக்கும் போகவே இல்லை.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அது காப்பது வயரை. ஆம்புக்கு அதன் உடம்பிலேயே தனி ஃபியூஸ் உண்டு. நீங்கள் இதுவரை மாட்டிய எல்லாருக்கும் இன்றே போன் போடுங்கள். ஃபியூஸ் இடம் மாறும் வரை, பேட்டரியில் பூட்டிய ஆம்ப் வயரை 10 எம்எம் ஸ்பேனரால் கழற்றி, நுனியைச் சுற்றிக் கட்டி வைக்கச் சொல்லுங்கள். பாட்டு இல்லாவிட்டால் பரவாயில்லை.

எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்? உண்மையான 500 வாட், கிளாஸ் டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப் என்றால் உள்ளே இழுப்பது சுமார் 625 வாட், மீதி சூடாகப் போய்விடும். என்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட் என்று வைத்தால் 45 ஆம்பியர் வரும். 60 ஆம்பியர் ஃபியூஸ், 4 கேஜ் செம்பு வயர் போதும் (கேஜ் எண் குறைந்தால் வயர் தடிமன்). 8 கேஜ் போட்டால் அந்த ஐந்து மீட்டரிலேயே கிட்டத்தட்ட அரை வோல்ட் கரைந்துவிடும். 4 கேஜில் 0.2 வோல்ட்கூட இல்லை. ஆனால் மலிவு கிட்டில் வரும் ‘4 கேஜ்’ பல நேரம் செம்பு பூசிய அலுமினியம். நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகப் பளபளத்தால் அதுதான். செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டித்தான் அது கடத்தும். தோல் தடிமனாகவும் உள்ளே கம்பி மெலிதாகவும் இருக்கும் வயரும் உண்டு. புடு ஜாலான் பாசார் பக்கம் போகும்போது வெட்டு முகத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தே வாங்குங்கள்.

தகரச் சுவரில் வயர் நுழையும் இடத்தில் ரப்பர் குரோமெட் (துளை விளிம்பை மூடும் வளையம்) கட்டாயம். கோலாலம்பூரின் சாயங்கால மழையில் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே நடக்கும். குரோமெட்டுக்கு முன்னால் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இணைப்புகளில் கறுப்பு டேப்பை மட்டும் நம்பாதீர்கள். வெயிலில் நிற்கும் காரில் அதன் பசை இளகி, சில மாதத்தில் வழுக்கிக்கொண்டு வரும். நசுக்கி இறுக்கும் கிரிம்ப் செய்து, சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள்.

இனி அந்த மைவி. ஆம்பை எழுப்பும் ரிமோட் வயரை எங்கே கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. என் சந்தேகம் அங்கேதான். பிளேயருக்குப் பின்னால் மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் இருப்பது. சிவப்பு, சாவி திருப்பினால் வருவது. நீலத்தில் வெள்ளைக் கோடு, ஆம்பை எழுப்புவது. ரிமோட் வயரை மஞ்சளோடு சேர்த்துவிட்டால் ஆம்ப் தூங்கவே தூங்காது.

அளந்து பாருங்கள். பானட்டைத் திறந்து வைத்து, சாவியை எடுத்து, எல்லாக் கதவையும் பூட்டுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் கோர்த்து மாட்டுங்கள். முதலில் எண் பெரிதாகக் காட்டும், பதறாதீர்கள். காரின் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக அடங்க 20, 30 நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு 0.05 ஆம்பியருக்குள் நின்றால் நல்லது. 0.6 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கப் பூட்டைத் திறந்தால் விளக்கு எரிந்து கணக்கு மாறிவிடும். ஆம்ப் வயரின் பெரிய ஃபியூஸை பேட்டரி பக்கத்திலேயே உருவுங்கள் (அது அங்கே இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணம்). எண் சட்டென்று விழுந்தால் திருடன் ஆம்ப்தான். வெள்ளி மாலை 6 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை 61 மணி நேரம். 0.6 ஆம்பியர் என்றால் 36 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். சின்ன கார்களில் இருக்கும் பேட்டரியே 35 ஆம்பியர்-மணி அளவுதான். மீட்டர் கோர்த்திருக்கும்போது மட்டும் யாரையும் ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். மீட்டர் ஃபியூஸ் போய்விடும்.

ரிமோட்டை நீல-வெள்ளை வயருக்கு மாற்றினால் சரியாகிவிடும். காரோடு வந்த கம்பெனி பிளேயரில் அந்த வயர் இல்லையென்றால், சாவியோடு வரும் ஒரு ஃபியூஸ் இடத்திலிருந்து 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு எடுங்கள். பலமுறை முழுதாகச் செத்த பேட்டரி பழைய தெம்புக்கு வராது. அதைக் கடையில் சோதித்து, கெட்டிருந்தால் புதியதன் விலையில் பங்கு கொடுப்பதுதான் முறை.

எண்ணெய் மிதிக்க மிதிக்க ஏறும் சத்தம் அல்டர்னேட்டருடையது. பிளேயரின் எர்த்தும் (காரின் உடம்போடு சேரும் நெகட்டிவ் இணைப்பு) ஆம்பின் எர்த்தும் ஒரே அளவில் இல்லாதபோது, அந்த வித்தியாசம் பிளேயரிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிள் வழியே நுழைகிறது. எந்தப் பக்கம் கோளாறு என்று பிரிக்க ஒரு போன் போதும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆம்பிலிருந்து ஆர்சிஏவைக் கழற்றி, சார்ஜரில் சொருகாத போனைக் கேபிளால் நேரே ஆம்பில் சொருகி, என்ஜினை ஓட்டுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் ஆம்பின் எர்த். சத்தம் போய்விட்டால் பிளேயர் பக்கம் அல்லது கேபிள் போன வழி.

ஆம்ப் எர்த் என்றால், சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அதைத் தொடவே கூடாது. உயிர் காக்கும் போல்ட் அது, பெயின்ட்டும் அதற்குக் கீழே தடுக்கும். பூட்டில் காரின் சொந்தத் தகரத்தைத் தேர்ந்து, 50 சென் நாணயம் அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளைத் தகரம் தெரியச் செய்து, பல் வாஷரோடு இறுக்கி, மேலே பெயின்ட் தடவுங்கள். இல்லாவிட்டால் நம் ஈரத்துக்குத் துரு ஏறி ஆறு மாதத்தில் அதே புகார் திரும்ப வரும். எர்த் வயரும் 4 கேஜ், நீளம் அரை மீட்டருக்குள். பாட்டை உரக்க வைத்து, ஆம்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்தால் 0.1 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். அரை வோல்ட் வந்தால் எங்கோ பிடிப்பு சரியில்லை.

பிளேயர் பக்கம் என்றால், ஆர்சிஏவின் வெளி வளையத்துக்கும் பிளேயரின் உடம்புக்கும் ஓம் அளந்து பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டாவிட்டால், மின்சாரம் இருக்கும்போது யாரோ ஆர்சிஏவை இழுத்துச் சொருகியதில் உள்ளே இருக்கும் மெல்லிய எர்த் கோடு கருகியிருக்கலாம். சில பிளேயர்களில் இது சகஜம். அது சரியாக இருந்தால் ஆர்சிஏவை பவர் வயருக்கு எதிர்ப்பக்கம் ஓட்டுங்கள். கடையில் விற்கும் ஐசொலேட்டரை (இரைச்சல் தடுப்பான்) நடுவில் சொருகிச் சத்தத்தை மறைக்காதீர்கள். மலிவானவை பேஸின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும், கெட்ட எர்த் கெட்டதாகவே இருக்கும்.

வேலையைத் தொடரலாமா என்றால், தாராளமாகத் தொடருங்கள். கூலியைத் திருப்ப வேண்டாம். இரண்டு காரையும் கூலி கேட்காமல் சரி செய்து, அளந்த எண்களை நண்பருக்குக் காட்டுங்கள். வாரன்ட்டி ஓடும் புதுக் காரில் கம்பெனி வயரை வெட்டாதீர்கள், பொருத்தமான சாக்கெட் வாங்கி இடையில் சொருகுங்கள். மஞ்சள் உறை போட்ட வயர் (பிளேயரின் மஞ்சள் வயர் வேறு) ஏர்பேக்குடையது, அதன் பக்கமே போக வேண்டாம்.

கூலி 100 வெள்ளி எனக்குக் குறைவாகப் படுகிறது. இவ்வளவும் கவனமாகச் செய்தால் ஒரு காருக்கு ஐந்து, ஆறு மணி நேரம் பிடிக்கும். அவசரமே ஃபியூஸைப் பூட்டில் வைக்கத் தூண்டும். மணிக் கணக்கில் கூலி சொல்லுங்கள். பொருளை நண்பரையே வாங்கச் சொல்லுங்கள். ரசீதும் வாரன்ட்டியும் அவர் பெயரில் இருக்கட்டும். தொடர்ந்து காசு வாங்கிச் செய்வதென்றால் எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) பதிவு செய்துகொள்ளுங்கள். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. அந்த வருமானத்தையும் வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.