பழஞ்சீனத்தின் ஒலியை மீட்பது எப்படி? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சீன எழுத்து ஒலியை நேராகக் காட்டுவதில்லை. அப்படியிருக்க, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய உச்சரிப்பை எதைக் கொண்டு அறிகிறார்கள்?

பதில்: பழைய அகராதிக்காரர்கள் ஓர் எழுத்தின் ஒலியை வேறு இரண்டு எழுத்துகளால் காட்டினார்கள். முதலாவதிலிருந்து தொடக்க மெய்யையும், இரண்டாவதிலிருந்து எஞ்சிய அசையையும் தொனியையும் (குரலின் ஏற்ற இறக்கம்) எடுத்துச் சேர்த்துப் படிக்க வேண்டும். இம்முறைக்கு ஃபான்ச்சியே என்று பெயர். 1008இல் உருவான ‘குவாங்யுன்’ அகராதி, கிழக்கைக் குறிக்கும் ‘தோங்’ என்ற சொல்லுக்கு ‘தெ’, ‘ஹோங்’ என ஒலிக்கும் இரு எழுத்துகளைத் தருகிறது. இன்றைய பொதுச்சீனமான மாண்டரினில் சேர்த்துப் பார்த்தால் அசை பொருந்துகிறது, தொனி பொருந்தவில்லை: ‘ஹோங்’ ஏறுதொனி, ‘தோங்’ உயர்ந்த சமதொனி. இது அகராதியின் பிழை அன்று. அக்காலத்தில் இரண்டுக்கும் ஒரே தொனிதான். பின்னாளில், ஒலிப்பிலா மெய்யில் (குரல்நாண் அதிராமல் பிறப்பது) தொடங்கிய சொற்கள் ஒரு தொனிக்கும், ஒலிப்புடை மெய்யில் (குரல்நாண் அதிரப் பிறப்பது) தொடங்கியவை வேறொரு தொனிக்கும் பிரிந்தன. ஆகவே ‘ஹோங்’ ஒரு காலத்தில் ஒலிப்புடை மெய்யில் தொடங்கியது என்பதை இந்தப் பொருந்தாமையே நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. இத்துறையில் என்னை மிகவும் கவர்ந்த சான்று இது.

கேள்வி: தாங் அரசமரபுக் காலத்துச் சீனக் கவிதைகளில் சில இடங்களில் இயைபு தட்டுகிறதே, கவிஞர்கள் தளர்வாக எழுதினார்களா?

பதில்: இல்லை. தூ மு எழுதிய, மலைப்பாதை பற்றிய நாலடிக் கவிதையில் ‘ஷியே’, ‘ஜியா’, ‘ஹுவா’ ஆகியவை இயைபுச் சொற்கள். இன்று முதற்சொல் விலகி நிற்கிறது. அன்று மூன்றும் ஆகார வகை உயிரில் முடிந்தன. பழைய பாடல்களில் இவ்வாறு இயைபு கெட்டபோதெல்லாம் சொல்லின் உச்சரிப்பையே வளைத்துப் படிக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. காலத்தாலும் இடத்தாலும் ஒலி மாறும் என்று கூறி, 1606இல் அதை உறுதியாக மறுத்தவர் சென் தி என்ற சீன அறிஞர்.

கேள்வி: 601இல் தொகுக்கப்பட்ட ‘ச்சியேயுன்’ என்ற இயைபு அகராதி எந்த ஊர்ப் பேச்சைப் பதிவு செய்கிறது?

பதில்: ஸ்வீடன் அறிஞர் கார்ல்கிரென் அதைப் பழைய தலைநகரான சாங்ஆனின் பேச்சாகக் கொண்டார். நூலைத் தொகுத்த லு ஃபாயானின் முன்னுரையோ, தம் வீட்டில் கூடிய அறிஞர்கள் வடக்கின் வழக்கையும் தெற்கின் வழக்கையும் எடைபோட்டதைச் சொல்கிறது. முன்னுரையையே நான் நம்புகிறேன். அதிலுள்ள 193 இயைபு வகைகளை ஒரே நாவில் வழங்கிய ஒலிகளாகக் கொள்வது தவறு.

கேள்வி: அதற்கும் முந்தைய காலத்துக்குச் சான்று உண்டா?

பதில்: உண்டு. ‘ஷிஜிங்’ என்ற பண்டைத் தொகைநூலின் பாடல்களில் உள்ள இயைபும், எழுத்துக்குள் இருந்து ஒலியைக் குறிப்புணர்த்தும் ஒலியுறுப்பும் உதவுகின்றன. ஆற்றைக் குறிக்கும் ‘ஜியாங்’ எழுத்தின் உள்ளே ‘கோங்’ அமர்ந்திருப்பதைப் பாருங்கள். இரண்டும் ஒருகாலத்தில் ககரத்தில் தொடங்கியவை.

கேள்வி: புத்தர் சீனத்தில் ‘ஃபோ’ ஆனது எப்படி?

பதில்: அந்த எழுத்தைத் தேர்ந்தபோது அதன் ஒலி ‘புத்’ என்பதற்கு நெருக்கமாக இருந்தது. ஃபகரம் பண்டைச் சீனத்தில் இல்லை என்பதை 18ஆம் நூற்றாண்டில் ச்சியன் தாஷின் என்ற சீன அறிஞர் நிறுவினார். மாண்டரின் இறுதித் தகரத்தை இழந்துவிட்டது. தென்சீனப் பேச்சான கான்டனீஸ் ‘ஃபட்’ என்று இன்றும் அதைக் காத்துவருகிறது. ஜப்பானியரின் ‘புட்சு’வில் முதல் மெய்யும் தங்கியிருக்கிறது.