மகள் ஹாஸ்கெலை விட்டுவிட வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் பஸ் ஏறிக் கோவைக்குப் படிக்கப் போகும் மகள், இரண்டு வாரமாகச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கணினி முன் அழுகிறாள் என்றீர்கள். அவள் படிக்கும் ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியை விட்டுப் பாடத்தை மாற்றிவிடலாமா என்றும் கேட்டீர்கள். வேண்டாம். அவள் எழுதிய கிடங்குக் கணக்கு நிரலை ஞாயிறு முழுக்க உட்கார்ந்து படித்தேன். பெண்ணிடம் குறையில்லை. எழுதும் முறையைச் சற்று மாற்றினால் போதும்.

நீங்கள் வாளையாறு வழியாக லாரி ஓட்டியவர். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன், சரக்கு ஒன்றேயானாலும் ஒவ்வொரு சாவடியிலும் காகிதக் கட்டை நீட்டியிருப்பீர்கள். அவள் நிரலிலும் அதே பாடுதான். அமைப்பு விவரங்களுக்கு (செட்டிங்ஸ்) ரீடர்டி, கிடங்கு இருப்புக்கு ஸ்டேட்டி, பிழைக்கு எக்செப்ட்டி என ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு; ஒவ்வொன்றும் நிரலுக்கு ஒரு திறனைச் சேர்க்கும். கீழடுக்கில் ஒரு வேலை ஆக வேண்டுமென்றால் இடையிலுள்ள அடுக்குக்கு ஒன்றாக, அதைத் தாண்டிக் கடத்தும் 'லிஃப்ட்' என்ற சொல்லை எழுதியிருக்கிறாள். ஒரே கோப்பில் 41 எண்ணினேன்! எம்டிஎல் என்ற ஆயத்த நிரல் நூலகத்தின் வகுப்புகளை (டைப்கிளாஸ்) கொண்டு எழுதினால் கெட் (இருப்பைப் படி), புட் (இருப்பை மாற்று), த்ரோஎரர் (பிழையை எழுப்பு) எல்லாம் தத்தம் அடுக்கைத் தாமே கண்டுகொள்ளும். மூன்று அடுக்கையும் நியூடைப் என்ற உறையில் பொதிந்து ஒற்றைப் பெயர் வைத்துவிட்டால், ஒவ்வொரு செயற்கூற்றின் (ஃபங்ஷன்) தலையிலும் அடுக்குகளை அடுக்கிச் சொல்லும் அந்த நீண்ட வகைப் பெயரைச் சுமக்க வேண்டியதில்லை.

அவளை அழ வைத்தது இதுவல்ல, அடுக்குகளின் வரிசை. இருப்பில் பத்து மூட்டையைக் கழித்த பிறகு விலைப்பட்டியலில் பிழை வருகிறது. பிழையைப் பிடித்துச் சமாளித்த பின்னும் அந்தப் பத்து மூட்டை திரும்பவில்லை. காரணம், எக்செப்ட்டியை மேலே வைத்து ஸ்டேட்டியைக் கீழே வைத்திருக்கிறாள். அப்படி வைத்தால் பிழைக்குப் பிறகும் மாறிய கணக்கே நிற்கும். ஸ்டேட்டியை மேலே ஏற்றினால், பிழையைப் பிடித்த இடத்தில் பழைய இருப்பு அப்படியே கிடைக்கும். இரண்டும் சரியான வரிசைகள்தான். கிடங்குக் கணக்குக்கு வேண்டியது இரண்டாவது. இதை அவளுக்கு யாரும் காகிதத்தில் வரைந்து காட்டவில்லை என்பதுதான் என் வருத்தம்.

வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். ஹாஸ்கெலுக்கு வாய்ப்புகள் குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் பெங்களூரில் ஓடும் 'நம்ம யாத்ரி' ஆட்டோ செயலியின் பின்தளம் (சர்வரில் ஓடும் பகுதி) இம்மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஸ்காலா, ரஸ்ட் போன்ற நிரல்மொழிகளில் எழுதும் இடங்களிலும் பிழையையும் ஒரு தரவு வகையாகவே கையாளும் இந்தப் பழக்கம் அவளுக்குக் கை கொடுக்கும்.

இன்றிரவு முதலில் அவளைச் சாப்பிட வையுங்கள். சனிக்கிழமை மடிக்கணினியோடு வரட்டும். வரிசையை மட்டும் மாற்றி, அந்தப் பத்து மூட்டை திரும்புகிறதா என்று அவளையே ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.