இசை படிக்க விரும்பும் பிள்ளையும் ஏஐ பற்றிய பயமும்

“பாட்டையே ஏஐ போட்டுவிடுகிறது, இனி இசை படித்து என்ன பயன்?” என்று கேட்கும் பெற்றோருக்கு: உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் இசைத்துறையில் இருப்பது ஒரே ஒரு வேலை அல்ல. எது போகும், எது நிற்கும் என்று பிரித்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

முதலில் அடிபடுவது, வாசித்தது யார் என்று கேட்பவர் கவலைப்படாத இசை. வீடியோக்களுக்கான பின்னணி, சின்ன விளம்பரங்கள், மாதிரிக்காகப் பாடும் டெமோ குரல் எல்லாம் இதில் அடங்கும். சுனோ, உடியோ போன்ற ஏஐ இசைச் செயலிகளில் நான்கு வரி எழுதிக் கொடுத்தால் குரலோடு முழுப் பாட்டு வந்துவிடுகிறது. இந்த வருமானத்தை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். மேடை வாசிப்பு, கற்பித்தல், இயக்குநரோடு உட்கார்ந்து காட்சிக்கு இசையமைத்தல் ஆகியவற்றில் இன்னும் ஆள் தேவை. “வயலின் அரை வினாடி தள்ளி வரட்டும், மற்றது அப்படியே இருக்கட்டும்” என்று இயக்குநர் சொன்னால், ஏஐ பெரும்பாலும் மற்றதையும் சேர்த்து மாற்றிவிடும்.

கருவியோ குரலோ, தினசரிச் சாதகத்தைக் குறைக்கவே கூடாது. அதோடு காதையும் பழக்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. பிள்ளை தானே பாடி, டிரம்ஸோடு ஒரு பாட்டைத் தனித்தனி டிராக்காக 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாகப் பதியட்டும். எல்லா டிராக்கும் சேரும் மாஸ்டரில், ஒலியளவை நெருக்கும் கம்ப்ரஸர், லிமிட்டர் எதுவும் போடாமல் மிக்ஸ் செய்து, பாட்டிலிருந்து குரலையும் கருவிகளையும் பிரிக்கும் டெமக்ஸ் என்ற இலவச ஏஐ மென்பொருளில் கொடுத்துக் குரலைப் பிரிக்கட்டும். மிக்ஸில் இருந்த அதே அளவில் அசல் குரலை எடுத்து, ஃபேஸைத் தலைகீழாக்கி (அதாவது ஒலி அலையை மேல்கீழாகத் திருப்பி), பிரித்த குரலோடு சேர்த்தால் ஒத்துப்போகும் பகுதி ரத்தாகிவிடும்; பிழை மட்டும் மிஞ்சும். டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலின் ஓசை ‘ஸ’, ‘ஷ’ எழுத்துகளோடு ஒட்டிக்கொண்டிருப்பதும், எதிரொலியின் வால் அறுந்திருப்பதும் அதில் பளிச்சென்று கேட்கும். உயர் அதிர்வெண்ணில் சிம்பலும் இந்த எழுத்துகளும் ஒரே இடத்தில் கிடப்பதால்தான் மென்பொருள் தடுமாறுகிறது. 2023-ல் பீட்டில்ஸ் வெளியிட்ட கடைசிப் பாட்டுக்கு, ஜான் லெனன் குரலைப் பழைய கேசட்டிலிருந்து பிரித்தெடுத்ததும் இந்த வகை நுட்பம்தான். பிழையைக் கேட்டுச் சரிசெய்யும் காது உள்ளவருக்கு அங்கே வேலை இருக்கிறது.

உரிமை விஷயத்திலும் இப்போதே பழக்கம் வேண்டும். ஏஐக்குக் கட்டளை (பிராம்ப்ட்) எழுதிக் கொடுத்ததால் மட்டும் ஒருவர் படைப்பாளி ஆகிவிட மாட்டார் என்று 2025 ஜனவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அறிக்கை வெளியிட்டது. பிள்ளை தன் கையால் செய்தது எது என்று காட்ட, புராஜெக்ட் கோப்புகளையும் திருத்தாத டேக்குகளையும் (ஒவ்வொரு முறை பாடியதன் மூலப் பதிவுகளையும்) தேதியோடு சேமித்து வைக்கட்டும். வெறும் எம்பி3 மட்டும் இருந்தால் அதை நிரூபிப்பது கடினம்.

முதல் பாட்டு வாய்ப்பு வரும்போது, மகிழ்ச்சியில் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். “எதிர்காலத் தொழில்நுட்பம் அனைத்திலும் பயன்படுத்தலாம்” என்று ஒரு வரி உள்ளே இருந்தால், குரலை வைத்து ஏஐக்குப் பயிற்சி கொடுக்கவும் அதையே காரணம் காட்டலாம். ஏஐ பயிற்சிக்குத் தனி அனுமதி, போலிக் குரல் உருவாக்கினால் தனி ஊதியம் என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், வழக்கறிஞர் ஒருவர் பார்க்கும் வரை ஒலிப்பதிவைத் தள்ளிப் போடுங்கள்.