மைக்கைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்

(நிகழ்ச்சிகளுக்குப் போய் டி.ஜே.வாகவும், பின்னணி இசைக்கு விருந்தினரே பாடும் கரோக்கியின் தொகுப்பாளராகவும் வேலை பார்ப்பவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கே: நான் பேசும்போது ஒழுங்காக இருக்கும் மைக், விருந்தினர் பாட வந்ததும் 'கூ' என்று ஊளையிடுகிறது. வேறு மைக் வாங்க வேண்டுமா?

வேண்டாம். பாட வந்தவர் மைக்கை எங்கே பிடிக்கிறார் என்று பாருங்கள். முக்கால்வாசிப் பேர் அதன் தலையை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார்கள். அப்படிப் பிடித்தால்தான் மேடைப் பாடகர் மாதிரி இருக்கும் என்று ஒரு நினைப்பு! நாம் பயன்படுத்தும் கார்டியாய்ட் மைக், முன்னால் வரும் சத்தத்தை வாங்கிக்கொண்டு பின்னால் வருவதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். மைக்கின் தலைக்குள் சத்தத்தை வாங்கும் பாகமான காப்ஸ்யூலின் பின்பக்கம் காற்று போக வழி இருப்பதால்தான் அது முடிகிறது. கை அந்த வழியை மூடிவிட்டால் மைக் எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் இழுக்கும். ஸ்பீக்கரில் வந்தது மைக்குக்குள் போய், திரும்பவும் ஸ்பீக்கருக்கு வந்து, சுற்றிச் சுற்றிப் பெருகி ஊளையாகிவிடும்.

"கீழே பிடிங்க" என்று மைக்கில் சொல்லிப் பாடுபவரைக் கூச வைக்காதீர்கள். நான் மியூட் போட்டு, தலைப்பக்கத்தை என் கையில் வைத்துக்கொண்டு தண்டை நீட்டுவேன். வாங்குபவர் தண்டைப் பிடித்துத்தான் ஆகவேண்டும். அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோன பிறகு மியூட்டை எடுப்பேன். ஸ்பீக்கர் இரண்டும் பாடுபவருக்கு முன்னால் இருக்கட்டும். அவர் அதைத் தாண்டிப் போகாமல் இருக்க, தரையில் ஒரு டேப் ஒட்டிவிடுவது என் வழக்கம்.

கே: பல்லவியை அழகாகப் பாடுகிறவர்கள் சரணத்தில் உச்சிக்குப் போகும்போது திணறி, பாதியிலேயே மைக்கைக் கொடுத்துவிடுகிறார்கள். நான் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம். இந்த வேலையின் பாதி இதுதான். பாடத் தெரியாமல் திணறுகிறவர்கள் குறைவு. தங்களுக்கு ஒத்துவராத சுருதியில் மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம். "எத்தனை கட்டை?" என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். அதனால் பாட விரும்பும் பாட்டை எழுதிச் சீட்டு கொடுக்கும்போதே ஓரமாகக் கூப்பிட்டு, பாட்டில் மிக உயரமாக வரும் வரியை மட்டும் பாடச் சொல்வேன். கழுத்து நரம்பு புடைத்தால் இசையின் சுருதியை இரண்டு படி இறக்கிவிடுவேன்.

கரோக்கி மென்பொருளில் ஒரு படி என்பது பொதுவாக அரைச்சுரம். பன்னிரண்டு படி சேர்ந்தால் ஒரு ஸ்தாயி. ஆண் பாடிய பாட்டைப் பெண் எடுத்தால் நாலைந்து படி மாற்ற வேண்டிவரலாம். அதற்கு மேல் போனால் இசையின் குணமே கெட்டு, வயலின் கொட்டாவி விடுவதுபோல் கேட்கும். அப்போது வேறு பாட்டைப் பரிந்துரைப்பதே நல்லது. சுருதியை மாற்றியதை எக்காரணம் கொண்டும் அறிவிக்காதீர்கள்.

அப்படியும் நடுவில் தடுமாறினால் இரண்டாவது மைக்கை எடுத்து, அவர் குரலுக்குக் கீழே மெதுவாகச் சேர்ந்து பாடுங்கள். அவர் பிடித்துக்கொண்டதும் விலகிவிடுங்கள். நம் குரல் வளத்தைக் காட்ட அது இடமில்லை.

கே: ப்ளூடூத் ஸ்பீக்கரை வைத்துக் கரோக்கி நடத்தலாமா?

பாட்டு ஓடவிட்டு ஆட மட்டும் என்றால் சரி. பாடுவதற்கு வேண்டாம். ப்ளூடூத்தில் சத்தம் பல நேரம் நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தாமதமாக வரும். திரையில் எழுத்து ஓடுவது ஒரு பக்கம், இசை வருவது ஒரு பக்கம் என்றாகிவிடும். கேபிள் போடுங்கள்.

கே: கரோக்கியைக் கண்டுபிடித்தவர் கோடீஸ்வரர் ஆகியிருப்பாரே?

ஆகவில்லை. ஜப்பானின் கோபே நகரில் வாசித்துக்கொண்டிருந்த டைசுகே இனோவே என்ற கலைஞர், 1971-இல் பின்னணி இசை நாடா ஓடும் பெட்டிகளைச் செய்து வாடகைக்கு விட்டார். காப்புரிமை எடுக்கவில்லை. 2004-இல் அவருக்கு இக் நோபல் என்ற நையாண்டிப் பரிசு கிடைத்தது, அதுவும் அமைதிப் பிரிவில்! பக்கத்தில் பாடுபவரைப் பொறுத்துக்கொள்ள உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தாராம்.

கே: "அடுத்தது என் பாட்டு" என்று ஒருவரே திரும்பத் திரும்ப வந்து நிற்கிறார். எப்படிச் சமாளிப்பது?

வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் சண்டைதான் மிஞ்சும். சீட்டு எழுதி வாங்கி, அடுத்து வரும் மூன்று பெயர்களைத் திரையில் போடுங்கள். ஒரு சுற்று முடியாமல் யாருக்கும் இரண்டாவது பாட்டு கிடையாது. புதிதாக வருபவருக்கு நடக்கும் சுற்றின் கடைசியில் இடம், அதாவது இரண்டாவது பாட்டுக்குக் காத்திருப்பவர்களுக்கு முன்னால். இதைத் தொடக்கத்திலேயே சிரித்த முகத்தோடு மைக்கில் சொல்லிவிட்டால், பிறகு "திரையைப் பாருங்க அண்ணே" என்றாலே போதும். நம்மைக் கூப்பிட்ட வீட்டுக்காரர் வந்து கேட்டால் மட்டும் நான் கொஞ்சம் வளைந்துகொடுப்பேன், ஒரே ஒரு தடவை.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு: சீட்டே வராது. அப்போது "யாராவது வாங்க, கூச்சப்படாதீங்க" என்று கெஞ்சினால் கூட்டம் இன்னும் பின்னால் நகரும். எல்லோருக்கும் தெரிந்த ஆட்டப்பாட்டுகள் இரண்டு மூன்றைத் தொடர்ந்து ஓடவிட்டு, யார் வாயசைத்துப் பாடுகிறார் என்று நோட்டம் விடுங்கள். சீட்டும் பேனாவும் நேராக அவரிடம் போகட்டும்.