எத்தனை ஏ.பி. என்பதைவிட எந்த ஏ.பி. என்பதே கேள்வி: டெக்சாஸில் வாழும் ஒரு தாய்க்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

டாலஸ் அருகே பத்தாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள் அடுத்த ஆண்டு பள்ளியிலேயே கல்லூரி நிலைப் பாடம் படிக்கும் ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) வகுப்புகள் ஆறை ஒரே நேரத்தில் எடுக்க விரும்புகிறார் என்றும், தமிழ்ப் பள்ளிக்கு வரும் மற்றப் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்கும்போது அந்த ஆறுகூடப் போதாதோ என்று உங்களுக்குக் கலக்கமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். பொறியியலா மருத்துவமா என்பதை அவர் இன்னும் முடிவு செய்யவில்லை, ஆனால் இரண்டில் ஒன்றுதான் என்கிறீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் எத்தனை எடுக்கிறார்கள் என்பதை ஒதுக்கிவிடுங்கள். உங்கள் மகள் விண்ணப்பிக்க நினைக்கும் பல்கலைக்கழகங்கள், அவர் சேர நினைக்கும் துறையில், எந்தத் தேர்வுக்கு எந்தப் பாடத்தை ஈடாகக் கொள்கின்றன என்பதைப் பார்த்துத்தான் வகுப்புகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த ஏ.பி. திட்டம் ஏன் உருவானது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். நல்ல உயர்நிலைப் பள்ளிகளில் ஏற்கெனவே படித்துத் தேறியதையே மாணவர்கள் கல்லூரியின் முதலாண்டில் மறுபடியும் படித்துக்கொண்டிருப்பதை 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்வியாளர்கள் கவனித்தார்கள். ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன் நடந்த ஆய்வுகளுக்குப் பிறகு, இத்தேர்வுகளை நடத்தும் அமைப்பான காலேஜ் போர்டு 1955-இல் இத்திட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, 1956-இல் முதல் தேர்வுகளை நடத்தியது. படித்ததைத் திரும்பப் படிக்கவைக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கும் இத்தேர்வுகளின் மதிப்பெண் 1 முதல் 5 வரை அமையும். 3 என்பது தகுதி பெற்றதைக் குறிக்கும், 5 என்பது மிகச் சிறந்த தகுதியைக் குறிக்கும். முடிவுகள் ஜூலையில் வெளியாகும்.

பெற்றோர் பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஏ.பி. வகுப்பு கல்லூரிச் சேர்க்கையில் தரும் பயன் வேறு, தேர்வு மதிப்பெண்ணுக்குக் கல்லூரி தரும் கிரெடிட் (அந்தப் பாடத்தை முடித்ததாகக் கணக்கில் வைப்பது) வேறு, முதல் பாடத்தைத் தாண்டி அடுத்த நிலைப் பாடத்தில் நேரடியாக உட்காரும் அனுமதி வேறு. சேர்க்கைக்கான முடிவுகள் பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பின் தேர்வுகளுக்கு முன்பே வந்துவிடுகின்றன. ஆகவே அந்த ஆண்டின் மே மாதத் தேர்வு சேர்க்கைக்கு எந்த உதவியும் செய்யாது, கிரெடிட்டுக்கு மட்டுமே பயன்படும். டெக்சாஸில் இதனுடன் தரவரிசையும் சேர்ந்துகொள்கிறது. வகுப்பில் முதல் பத்து விழுக்காட்டினருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் தரும் சட்டம் 1997 முதல் நடைமுறையில் உள்ளது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் மட்டும், 2026 இலையுதிர் பருவத்தில் சேர்வோர் தொடங்கி, அதை முதல் ஐந்து விழுக்காடாகக் குறைத்துக்கொண்டது. ஏ.பி. வகுப்புகளுக்கு ஜி.பி.ஏ.-வில், அதாவது பாட மதிப்பெண்களின் சராசரியில், கூடுதல் எடை கிடைப்பதால், தரவரிசைக்காகவே பிள்ளைகள் அவற்றைக் குவிக்கிறார்கள். ஆனால் அந்தத் தானியங்கி அனுமதி பல்கலைக்கழகத்துக்குத்தானே தவிர, விரும்பிய துறைக்கு அல்ல. பொறியியலுக்கும் கணினி அறிவியலுக்கும் தனியாகப் போட்டி உண்டு, அங்கே மாணவர் எதில் ஆழமாக உழைத்திருக்கிறார் என்பதையும் பார்ப்பார்கள்.

கிரெடிட்டைப் பொறுத்தவரை, நீங்கள் வசிக்கும் மாநிலம் உங்களுக்குச் சாதகமானது. டெக்சாஸின் அரசுக் கல்லூரிகள், உயர்ந்த மதிப்பெண் ஏன் தேவை என்பதற்கு ஆதாரம் காட்டினாலன்றி, முதல் நிலைப் பாடங்களுக்கு 3 மதிப்பெண்ணை ஏற்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எல்லா வளாகங்களும் 3 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்பெண்ணுக்கு யூனிட்டுகள் (அங்கே கிரெடிட்டின் அளவு) தருகின்றன, இல்லினாயிலும் அரசுக் கல்லூரிகளுக்கு இப்படியொரு சட்டம் இருக்கிறது. ஆனால் நம்மவர்கள் பெயர் சொல்லி ஆசைப்படும் தனியார் கல்லூரிகளில் நிலைமை வேறு. கால்டெக் ஏ.பி.-க்குக் கிரெடிட் தருவதில்லை. பிரவுன் பல்கலைக்கழகமும், 2013-இல் கொள்கையை மாற்றிக்கொண்ட டார்ட்மத்தும், அதைப் பாட நிலையை முடிவு செய்ய மட்டுமே பயன்படுத்துகின்றன. டார்ட்மத்தின் உளவியல் துறை, ஏ.பி.-யில் 5 வாங்கி வந்த மாணவர்களுக்குத் தன் அறிமுகப் பாடத்தின் இறுதித் தேர்வைச் சுருக்கி வைத்துப் பார்த்தபோது, அவர்களில் பெரும்பாலோர் தேறவில்லை. இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. 5 என்ற எண்ணை எல்லா இடத்திலும் ஒரே விலைக்கு வாங்கமாட்டார்கள் என்பதை நீங்கள் உணர வேண்டும்.

இனி, பணமும் காலமும் உண்மையில் எங்கே மிச்சமாகின்றன என்று பார்ப்போம், ஏனெனில் இங்கேதான் நம் குடும்பங்களின் கணக்கு பெரும்பாலும் தவறுகிறது. டெக்சாஸில் இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 செமஸ்டர் கிரெடிட் தேவை. அதில் 42 கிரெடிட், எந்தத் துறையில் சேர்ந்தாலும் எல்லா அரசுக் கல்லூரிகளிலும் முடிக்க வேண்டிய பொதுப் பாடத்திட்டம்: எழுத்துப் பயிற்சி, அமெரிக்க வரலாறு, அரசியல், சமூக அறிவியல், கணிதம், அறிவியல் முதலியவை. வரலாறும் ஆங்கிலமும் பொறியியலுக்கு எதற்கு என்று கேட்டு, இயற்பியலையும் வேதியியலையும் கணினியையும் மட்டும் ஏ.பி.-யாக எடுக்கும் பிள்ளைகள், கல்லூரியில் கடினமான பொறியியல் பாடங்களுடன் சேர்த்து வரலாற்றுக் கட்டுரைகளையும் எழுதிக்கொண்டிருப்பார்கள். மாறாக, ஏ.பி. அமெரிக்க வரலாறு, ஏ.பி. ஆங்கில மொழி, பேரியல் பொருளாதாரம் ஆகியவற்றில் நல்ல மதிப்பெண் பெற்றவர்களுக்குச் செமஸ்டர்தோறும் மூச்சுவிட இடம் கிடைக்கும். ஏ.பி. அமெரிக்க அரசியல் தேர்வில் மட்டும் ஒரு சிறு எச்சரிக்கை தேவை. டெக்சாஸ் மாநில அரசியலமைப்பையும் படித்திருக்க வேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம், அந்தப் பகுதி ஏ.பி.-யில் இல்லை. அதைத் தனியாக முடிக்க வேண்டியிருக்கும்.

பொறியியலின் முதன்மைப் பாடங்களோ ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலிபோல் கோத்தவை. கால்குலஸ் (நுண்கணிதம்) முடிந்தால்தான் வகைக்கெழுச் சமன்பாடுகள், அது முடிந்தால்தான் மின்சுற்றுகளும் இயக்கவியலும். அதனால் வேறு பாடங்களில் முப்பது கிரெடிட்டுடன் உள்ளே வரும் மாணவரும் நான்கு ஆண்டுகளைச் செலவிட வேண்டிவரலாம். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியைத் தாண்டவைப்பதில் முதன்மையானது, இரண்டு கால்குலஸ் தேர்வுகளில் மேல்நிலையான கால்குலஸ் பி.சி. (BC) தேர்வு. அதனால்தான் பொறியியலை நினைப்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதையே. பி.சி. எழுதுபவர்களுக்கு அதற்குள்ளேயே கால்குலஸ் ஏ.பி. (AB; திட்டத்தின் பெயரான AP அல்ல) நிலைக்கான துணை மதிப்பெண்ணும் தனியாகக் கிடைப்பதால், பின்பாதி சற்றுக் கைவிட்டாலும் முன்பாதியின் உழைப்பு வீணாகாது. இயற்பியலிலும் இப்படி ஒரு வேறுபாடு உண்டு. இயற்பியல் 1, 2 ஆகியவை இயற்கணித அடிப்படையிலானவை, பொறியியல் துறைகள் எதிர்பார்ப்பது கால்குலஸ் அடிப்படையிலான இயற்பியல் சி. முன்னவற்றில் 5 வாங்கினாலும் பொறியியலுக்குரிய இயற்பியலை மறுபடி படிக்க வேண்டியிருக்கும்.

மதிப்பெண் கிடைத்துவிட்டது என்பதற்காகவே முதல் பாடத்தைத் தாண்டிவிடுவதும் சரியல்ல. ஆஸ்டினிலும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மிலும் ஏ.பி. கிரெடிட் தானாகப் பதிவாவதில்லை, மாணவரே கேட்டுப் பெற வேண்டும். இந்த ஏற்பாடு உங்கள் மகளுக்கு நல்லது. சேர்ந்த பிறகு அந்தப் பல்கலைக்கழகத்தின் கால்குலஸ் பாடத்தின் பழைய இறுதித் தேர்வுத் தாள் ஒன்றை உட்கார்ந்து போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தடங்கலின்றிப் போட முடிந்தால் கிரெடிட்டை ஏற்கலாம். திணறினால் அந்தப் பாடத்தை அங்கேயே படித்து, உறுதியான அடித்தளத்துடன் மேலே போகட்டும். கல்லூரியின் முதல் செமஸ்டரிலேயே மூன்றாம் கால்குலஸில் சறுக்கி, அதனால் துறையையே மாற்றிக்கொள்ள நேர்வதை எந்தக் கிரெடிட்டும் ஈடுகட்டாது.

மருத்துவம் என்றால் கணக்கு மாறுகிறது. டெக்சாஸ் மருத்துவக் கல்லூரிகள், இளநிலைப் பட்டம் படித்த கல்லூரி அந்தக் கிரெடிட்டைப் பாடப் பெயருடன் பதிவுசெய்திருந்தால் பொதுவாக ஏற்கின்றன. பிற மாநிலங்களில் பல, ஏ.பி.-யால் தாண்டிய உயிரியலுக்கும் வேதியியலுக்கும் ஈடாக மேல்நிலைப் பாடங்களைக் கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. அதைவிட முக்கியமானது, சமூகக் கல்லூரிகள் வழியே பள்ளியிலேயே கிடைக்கும், பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஒருசேரக் கணக்கில் வரும் டூயல் கிரெடிட் வகுப்புகளைப் பற்றியது. அவை கல்லூரிப் பாடங்களாகவே நிரந்தர டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேட்டில்) பதிவாகும். மருத்துவப் படிப்புக்கான ஏ.எம்.சி.ஏ.எஸ்., டெக்சாஸின் டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். ஆகிய இரண்டு விண்ணப்ப அமைப்புகளும் பதினாறு வயதில் வாங்கிய அந்த மதிப்பெண்ணையும் கல்லூரி ஜி.பி.ஏ.-வில் சேர்த்துக் கணக்கிடும். ஏ.பி. தேர்வில் 2 வாங்கினால் கல்லூரி ஜி.பி.ஏ.-வில் அது சேராது. டூயல் கிரெடிட்டில் வாங்கிய ‘சி’ பல ஆண்டுகள் கூடவே வரும். மருத்துவக் கனவு இருக்கும்வரை, டூயல் கிரெடிட்டை உறுதியாக ‘ஏ’ வாங்கக்கூடிய பாடங்களில் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

நீங்கள் இன்னும் எச்1பி வேலை விசாவில் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அதைச் சார்ந்த குடும்ப விசாவான எச்4-இல் இருக்கும் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகையும் கடனும் கிடையாது. எனவே ஒரு செமஸ்டர் மிச்சமாவதும் உங்கள் குடும்பத்துக்குப் பெரிய உதவி என்பதை நான் நன்கு அறிவேன். ஒரு தேர்வுக்கு ஏறக்குறைய 100 டாலர்தான் கட்டணம். அதில் மூன்று கிரெடிட் கிடைத்தால், அந்த மூன்று கிரெடிட்டுக்குக் கல்லூரியில் கட்ட வேண்டிய தொகையில் அந்த 100 டாலர் ஒரு சிறு பங்குதான். ஆயினும் பட்டத்துக்கு உதவாத பாடங்களில் நான்கு தேர்வுகள் எழுதுவதைவிட, உதவும் பாடங்களில் நான்கைத் திறம்பட எழுதுவதுதான் அந்தச் சேமிப்பைத் தரும்.

ஆகவே உங்கள் மகளுக்கு நான் பரிந்துரைப்பது இதுதான்: பதினொன்றாம் வகுப்பில் அமெரிக்க வரலாறு, ஆங்கில மொழி, இவற்றுடன் வேதியியல் அல்லது உயிரியல் என மூன்று. கணிதத்தில் அவர் இப்போது பிரீகால்குலஸை முடிக்கிறார் என்றால், நான்காவதாகக் கால்குலஸ் ஏ.பி. (AB). பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் பி.சி., அரை ஆண்டு வீதம் அரசியலும் பேரியல் பொருளாதாரமும், பொறியியல் உறுதியானால் இயற்பியல் சி. பதினொன்றாம் வகுப்பில் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்கான தயாரிப்பும் வரும் என்பதை மறக்காதீர்கள். அந்த ஆண்டில் ஆறு ஏ.பி. என்றால் நள்ளிரவு தாண்டிய வீட்டுப்பாடம் வழக்கமாகிவிடும், அதன் விலையைப் பெரும்பாலும் ஜி.பி.ஏ.-வும் உடல்நலமும் சேர்ந்து கொடுக்கின்றன.

கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். ஏ.பி.-யில் தமிழ் இல்லை. ஆனால் டெக்சாஸில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிப்பதற்கு இரண்டு ஆண்டு வேற்றுமொழிப் பாடம் தேவை, சில பள்ளி மாவட்டங்கள் தமிழ்த் திறன் தேர்வு எழுதி அந்தக் கிரெடிட்டைப் பெற இடம் தருகின்றன. தமிழ்ப் பள்ளியில் ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு அது எட்டாத தேர்வு அல்ல. அது கிடைத்தால் ஸ்பானிய மொழி வகுப்புக்கான நேரம் முழுவதும் மகளுக்கு மிச்சமாகும். உங்கள் மாவட்டத்தில் இந்த வாய்ப்பு உண்டா என்று பள்ளி கவுன்சிலரிடம் கேளுங்கள்.

அதே சந்திப்பில் இரண்டு விவரங்களையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு ஏ.பி. வகுப்புக்கும் உங்கள் மாவட்டம் தரவரிசையில் தரும் எடை, பள்ளியின் ஏ.பி. ஒருங்கிணைப்பாளர் வைத்திருக்கும் பதிவுத் தேதி. தேர்வு மே மாதத்தில் நடந்தாலும், பதிவு முந்தைய நவம்பர் நடுப்பகுதியிலேயே முடிந்துவிடும், தாமதமானால் கூடுதல் கட்டணம் உண்டு. மகள் விரும்பும் நான்கைந்து பல்கலைக்கழகங்களின் ஏ.பி. ஈட்டுப் பட்டியல்களை அவரே தேடி எடுத்து, ஒரு தாளில் பக்கத்துப் பக்கமாக எழுதி வைக்கட்டும். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டு மேலே வகுத்த திட்டத்தில் எதை மாற்ற வேண்டும் என்பதை எழுதுகிறேன்.